கல்வி: குறைபாடு

1858-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் லான்மன் என்பவர் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த எல்லோரைப் பற்றியும் ஓர் அகராதி தயாரித்தார். பிறந்த தேதி, ஊர், படிப்பு, தொழில், வகித்த பதவிகள் என்று ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டு வாங்கினார். பத்தாண்டுக்கு முன் ஒரே ஒரு முறை உறுப்பினராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வக்கீல் அனுப்பிய பதில் ஐந்தாறு வரிகூட இல்லை. பிறந்தது கென்டக்கி மாநிலத்தில், 1809 பிப்ரவரி 12. தொழில் வக்கீல். ஒரு சிறு போரில் தொண்டர் படைத் தலைவன். ஒரு மிகச் சிறிய தபால் நிலையத்தில் அஞ்சல் அதிகாரி. நான்கு முறை மாநிலச் சட்டமன்றத்தில். ஒரு முறை நாடாளுமன்றத்தில். கல்வி என்ற இடத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்: குறைபாடு.

எழுதியவர் ஆபிரகாம் லிங்கன். இரண்டே ஆண்டுகளில், 1860 நவம்பரில், அவர் அந்த நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முப்பத்தாறு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். பணிப்பதிவேட்டில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தை எத்தனை நூறு பேருக்கு நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மனிதர்களின் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கியவர் நிமிர்ந்து சொல்வார். வாங்காதவர், 'பி.யூ.சி. வரைக்கும் சார்... கடைசிப் பரீட்சை எழுதல' என்று இழுப்பார். 'ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்குங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் மிகச் சிலர். ஆகவே லிங்கனைப் பற்றி எத்தனையோ படித்திருந்தும், அந்த ஒற்றைச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. கணக்குப் பார்த்து எழுதிய குறிப்பு அது.

கணக்கு சரியானதுதான். தம் வாழ்நாளில் பள்ளிக்கூடம் போன நாள்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று அவரே 1860-இல் எழுதியிருக்கிறார். காட்டை வெட்டி நிலமாக்கிப் பிழைத்த குடும்பம். கென்டக்கியில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைக் குடிசையில் பிறந்தார். ஏழு வயதில் இந்தியானா காட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒன்பது வயதில் அம்மா நான்சி போய்விட்டாள். விஷச்செடி தின்ற மாட்டின் பாலால் வந்த நோய். அங்கே பள்ளிக்கூடம் என்றால், விவசாய வேலை இல்லாத மாதங்களில் யாராவது ஓர் ஆசிரியர் வருவார். பெற்றோர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் உரக்கக் கத்திப் பாடம் படிப்பார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், மணலும் பனையோலையும் மட்டும்தான் இல்லை. அந்த ஆசிரியர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்து, மூன்று எண் கொடுத்தால் நாலாவது எண் கண்டுபிடிக்கும் கணக்கு வரைக்கும் வந்தால் போதும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும்: 'ரெக்ல் த த்ருவா'. நாம் பதினோரு வயதில் கரும்பலகையில் போட்ட அந்தக் கணக்குதான் லிங்கனின் பள்ளிப் படிப்புக்கு எல்லை.

அதற்கு மேல் எல்லாம் அவரே தேடிக்கொண்டது. எப்படித் தேடினார் என்பதில்தான் எனக்கு அக்கறை. 'அடுப்பு வெளிச்சத்தில் படித்து ஜனாதிபதி ஆனார்' என்று மேடையில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அடுப்புக்கும் ஜனாதிபதி மாளிகைக்கும் நடுவில் நாற்பது ஆண்டு இருக்கிறது.

1819-இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்தவள் சாரா, மூன்று பிள்ளைகளோடு வந்த விதவை. சித்தி என்றதும் நமக்கு வருகிற கதைகளையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். எழுதத் தெரியாத அந்த அம்மாள் கொண்டுவந்த சாமான்களோடு சில புத்தகங்களும் இருந்தன. பையன் படிக்கிறான் என்று கண்டுகொண்டதும் அவள்தான். லிங்கன் இறந்தபின் அவள் சொன்ன விவரம் இது: படிக்கும்போது மனதில் பதிந்ததை அவன் எழுதி வைப்பான், காகிதம் இல்லையென்றால் பலகையில் எழுதுவான், பலகை நிறைந்தால் கத்தியால் சீவிவிட்டு மறுபடி எழுதுவான், காகிதம் கிடைத்ததும் அதில் பெயர்த்து எழுதி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பான். படிப்பது, எழுதுவது, சுருக்குவது, சொல்லிப் பார்ப்பது. இதுதான் அவருடைய பள்ளிக்கூடம். புத்தகங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை: பைபிள், ஈசாப் கதைகள், ராபின்சன் குரூசோ, வாஷிங்டன் வரலாறு, இப்படி. இரவல் வாங்கிய வாஷிங்டன் வரலாறு மழையில் நனைந்து கெட்டுப்போக, புத்தகக்காரரின் சோளக்காட்டில் சில நாள் வேலை செய்து விலையைக் கழித்தார்.

தந்தை தாமஸ் தச்சு வேலையும் விவசாயமும் பார்த்தவர். தட்டுத் தடுமாறிக் கையெழுத்து மட்டும் போடுவார். மகனை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குக் கூலிக்கு அனுப்பிக் காசை வாங்கிக்கொள்வார். 21 வயது வரை மகனின் கூலி தந்தைக்குச் சொந்தம் என்பது அன்றைய வழக்கம். வேலையை விட்டுவிட்டுப் படித்ததற்காக அடித்தார் என்று ஓர் உறவினர் சொன்னார். முடிந்த வரை அவர் பையனின் படிப்பைக் கலைத்ததில்லை என்று சித்தி சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நம் வீடுகளிலும் அப்படித்தானே?

22 வயதில் வீட்டை விட்டு இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற குக்கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். முதலில் ஒரு கடையில் சிப்பந்தி. அங்கேதான் தம் பேச்சில் இலக்கணம் இல்லை என்ற குறை அவருக்கு உறுத்தியது. கிர்க்கம் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணம் ஒருவரிடம் இருப்பதாக ஊர்ப் பள்ளி ஆசிரியர் மென்டார் கிரஹாம் சொல்ல, சில மைல் நடந்து போய் வாங்கி வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படித்தார். அந்தப் பிரதி இன்றும் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

1832-இல் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் அவர் ஊர் வாக்குச்சாவடியில் விழுந்த 300 வாக்கில் 277 அவருக்கு. கூட்டாக வைத்த கடை நொடித்தது. கூட்டாளி இறந்துபோக, அவன் பங்குக் கடனும் தலையில் விழுந்தது. மொத்தம் ஆயிரத்து நூறு டாலர் அளவுக்கு. 'தேசியக் கடன்' என்று அதற்குப் பெயர் வைத்துப் பல ஆண்டுகள் அடைத்தார். இந்தக் கஷ்டத்துக்கு நடுவில் 1833-இல் தபால் நிலையப் பொறுப்பு கிடைத்தது. சம்பளம் சொற்பம்தான். ஆனால் ஊருக்கு வரும் செய்தித்தாள்களை எல்லாம் உரியவர் வந்து கேட்கும் முன் இவர் படித்துவிடலாம்! அதே ஆண்டு நில அளவைத் துறையில் உதவியாளர் வேலை வந்தது. நில அளவை தெரியாது. கிப்சன், ஃபிளின்ட் என்ற இருவரின் நூல்களை வாங்கி இரவு பகலாகப் படித்து, சங்கிலியும் திசைகாட்டியுமாகப் புறப்பட்டுவிட்டார். கடன்காரர் குதிரையையும் அளவைக் கருவிகளையும் ஏலத்துக்குக் கொண்டுபோனபோது, ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

1834-இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீல் சட்டப் புத்தகங்களை இரவல் தர, இருபது மைல் தள்ளியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் வாங்கி வந்து படித்தார். 1836-இல் வக்கீல் உரிமம் வந்துவிட்டது. சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத வக்கீல்.

இங்கே நிறுத்தி என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பெரிய மனிதரோடு என்னை ஒப்பிட அல்ல. அந்த இலக்கணப் புத்தகத்துக்காக நடந்த மைல்கள் எனக்கு ஏன் புரிகிறது என்பதற்காக.

நான் செர்த்திபிகா, பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். 'தீக்தே' எழுதினால் உச்சரிப்புக் குறி ஒன்றுகூடத் தவறாது. 1971-இல் வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கோப்பு முழுக்க ஆங்கிலம். முதல் வாரம் நான் எழுதிய குறிப்பைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், அறையிலிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி அதை வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பிரெஞ்சு வாக்கிய அமைப்பில் ஆங்கிலச் சொற்களைப் போட்டிருந்தேன். சிரிப்பு வரத்தான் செய்யும். அன்று மாலையே ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் பழைய பிரதி ஒன்று வாங்கினேன். ஆனால் எனக்கு உண்மையில் ஆங்கிலம் கற்றுத் தந்தவை பழைய கோப்புகள். நல்ல நடையில் எழுதும் ஒரு கண்காணிப்பாளரின் குறிப்புகளைச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்து, ஒரு நோட்டில் அப்படியே பெயர்த்து எழுதுவேன். பிறகு மூடிவைத்துவிட்டு, அதே விஷயத்தை என் சொல்லில் எழுதிப் பார்ப்பேன். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது நோட்டு நிரம்பியது. லிங்கனின் பலகையைப் பற்றி நான் அப்போது கேள்விப்பட்டதில்லை. பிற்பாடு ரொமென் ரொலான் நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தபோது, 'அட, இதுதானே நாம் செய்தது!' என்று தோன்றியது. தானே கற்கிறவன் எந்த நாட்டில் இருந்தாலும் கடைசியில் இந்த ஒரு வழிக்குத்தான் வந்து சேர்கிறான் போலும்.

பிரெஞ்சில் தானே கற்றவனுக்கு 'ஓத்தோதிதாக்த்' என்று ஒரு சொல் உண்டு. மரியாதையான சொல்தான். ஆனால் படித்த வர்க்கம் அதைச் சொல்லும்போது ஒரு சிறு இளக்காரமும் ஒட்டிக்கொள்ளும்: பாவம், முறையாகப் படிக்கவில்லை, ஆங்காங்கே ஓட்டை இருக்கும் என்று. லிங்கனுக்கும் ஓட்டைகள் இருந்தன. அவர் அதை மறைக்கவில்லை, அடைத்தார். நாடாளுமன்றத்திலிருந்து 1849-இல் திரும்பியபோது வயது நாற்பது. நல்ல வருமானமுள்ள வக்கீல். அந்த வயதில் யூக்ளிடின் வடிவியல் நூலின் ஆறு பாகங்களையும் எடுத்து உட்கார்ந்து படித்து, ஏறக்குறைய முழுவதையும் கைவசப்படுத்தினார். வழக்கு ஜெயிக்க முக்கோணம் எதற்கு? ஒரு விஷயத்தை மறுக்க முடியாதபடி நிரூபிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான்.

அதன் பலனை அவருடைய பேச்சில் பார்க்கலாம். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் முக்கியப் பேச்சாளர் எட்வர்டு எவரெட். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது ஏறத்தாழ 270 சொற்கள். 1776 சுதந்திரப் பிரகடனம் 'எல்லா மனிதரும் சமம்' என்பதைத் தானாகவே விளங்கும் உண்மை என்றது. லிங்கன் அதற்கு 'ப்ரொபொசிஷன்' என்ற சொல்லைப் போட்டார். யூக்ளிட் படித்தவர்களுக்குத் தெரியும், அது நிரூபிக்க வேண்டிய தேற்றம். மனித சமத்துவம் சும்மா விளங்கிவிடாது, இந்த நாடு அதை இரத்தம் சிந்தி நிரூபித்துக்கொண்டிருக்கிறது என்ற கருத்து அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. போர் நடத்தத் தெரியாது என்றபோதும் அதே வழிதான்: 1862 ஜனவரியில் காங்கிரஸ் நூலகத்திலிருந்து ஹாலெக் எழுதிய போர்க்கலை நூலை இரவல் வாங்கினார். நாட்டின் தலைவர், இலக்கணப் புத்தகத்துக்கு நடந்த அதே ஆள்தான்.

இனிக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். இந்தப் படிப்புக்கு அவர் கொடுத்த விலை ஒன்று உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் நடுவில் பேச்சே இல்லாமல் போனது. 1851 ஜனவரியில் தாமஸ் சாகக் கிடந்தார். லிங்கன் போகவில்லை. மனைவி பிரசவத்துக்குப் பின் உடம்பு சரியில்லாமல் இருந்தாள் என்பது உண்மை. ஆனாலும், இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனைதான் மிஞ்சும் என்ற பொருளில் உறவினருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தந்தை இறந்தார்; அடக்கத்துக்கும் அவர் போகவில்லை. சித்தியை மட்டும், பதவியேற்க வாஷிங்டன் புறப்படும் முன் 1861-இல் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

என் அப்பா ஆலைத் தொழிலாளி. தமிழில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். இரவு ஷிப்டுக்குப் போகும் முன் நான் பிரெஞ்சுப் பாடத்தை உரக்கப் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு சொல்லும் புரியாது. 'நல்லா சத்தமா படிப்பா' என்பார். நான் படித்ததில் எதையும் அவரோடு பகிர்ந்துகொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தாமஸ் லிங்கனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அந்த மனிதரும் ஒரு மாலையாவது அப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் வரலாற்றில் ஒரு வரி மாறியிருக்குமே என்று நினைப்பேன்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லிங்கனைக் காட்டி ஏழைப் பிள்ளைகளைக் குத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'அவர் பள்ளிக்கே போகாமல் படித்தார், உனக்கு எல்லாம் இருந்தும் என்ன?' என்று. லிங்கன் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். 1832-இல் முதன்முதலாக வாக்கு கேட்டபோதே, மக்கள் கவனிக்க வேண்டியவற்றில் கல்விதான் முதன்மையானது என்று எழுதியவர் அவர். போர் உச்சத்தில் இருந்த 1862-இல் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்துக் கல்லூரிகள் தொடங்க வழிசெய்த சட்டத்தில் கையெழுத்திட்டார். தம் மூத்த மகன் ராபர்ட்டை ஹார்வர்டுக்குத்தான் அனுப்பினார். குறைபாடு என்று எழுதியவர், அந்தக் குறை அடுத்தவனுக்கும் இருக்கட்டும் என்று நினைக்கவில்லை.

அவர் தனியாகவும் படிக்கவில்லை. புத்தகம் கொண்டுவந்த சித்தி, இலக்கணம் இருக்கும் வீட்டைச் சொன்ன ஆசிரியர், சட்டநூல் தந்த வக்கீல், ஏலத்தில் கருவியை மீட்ட நண்பர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கை இருந்தது. அந்தக் கையும் கிடைக்காதவர்கள் அதே நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எசமானி எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கினாள். அடிமைக்கு எழுத்து ஆகாது என்று கணவன் நிறுத்திவிட்டான். தெருவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் ரொட்டி கொடுத்து எழுத்துப் படித்தார் டக்ளஸ். தப்பியோடி, 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1863-இல் வெள்ளை மாளிகையில் லிங்கனும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அந்த அறையில் இருந்த இருவரின் பள்ளிப் படிப்பையும் கூட்டினாலும் ஓராண்டு தேறாது.

ஆசிரியர் தினம் வந்தால் வாட்ஸப்பில் 'லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்' சுற்றும். அதை அவர் எழுதியதற்குச் சான்று எதுவும் இல்லை. உண்மையான கடிதம் ஒன்று உண்டு. 1855 நவம்பரில், வக்கீல் ஆக விரும்பிய ஐஷம் ரீவிஸ் என்ற இளைஞருக்கு எழுதியது. உறுதி இருந்தால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. புத்தகங்களை வாங்கிப் படித்துப் புரிந்துகொள். யாரிடம் படிக்கிறாய், எந்த ஊரில் படிக்கிறாய் என்பது பெரிதல்ல, நான் முந்நூறு பேர் இல்லாத ஊரில்தான் படித்தேன் என்பது அதன் சாரம். அடுத்த முறை அந்தப் பொய்க் கடிதம் வந்தால், இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

என் பிரெஞ்சுப் படிப்பில் தமிழ் இலக்கணம் பெயருக்குத்தான் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க இந்த ஆண்டு நன்னூலை எடுத்திருக்கிறேன். எழுத்தியல், பதவியல் தாண்டி உயிரீற்றுப் புணரியலில் நிற்கிறேன். உரையை வைத்துக்கொண்டும் சில இடங்கள் பிடிபடவில்லை. நம் வாசகர்களில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு என்று அறிவேன். மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். நோட்டும் பேனாவும் தயாராக இருக்கும்; காப்பியும் உண்டு.